விலக்கக் கோரும் உரிமை: முல்லைப் பெரியாறு தரும் பாடம்

தம் கட்டுரையை இன்னாரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளக் கட்டுரையாளருக்குப் பல ஆய்விதழ்கள் இடமளிக்கின்றன. இக்கோரிக்கை இதழாசிரியரைக் கட்டுப்படுத்துவதில்லை. நேரடிப் போட்டி, பொருளாதார நலன், தனிப்பட்ட பகை ஆகியவை காட்டப்பட்டால் அவர் பெரும்பாலும் இணங்குவார். கருத்து வேறுபாடு மட்டுமே காரணமெனில் தயங்குவார். இவ்விரண்டையும் பிரித்தறிவது எத்துணைக் கடினம் என்பதற்கு இடுக்கி மாவட்டத்து முல்லைப் பெரியாறு அணையின் மதிப்பீட்டு வரலாறு சான்று.

1895இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணை கேரள மண்ணில் உள்ளது. 1886ஆம் ஆண்டுக் குத்தகையின்படி அதனை இயக்குவது தமிழ்நாடு. ஒருபுறம் வண்டிப்பெரியாற்று மக்களின் உயிரச்சம். மறுபுறம் தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் பாசனம். 1979இல் பாதுகாப்புக் கருதி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் பணிகளுக்குப் பின் 142 அடிவரை உயர்த்த 2006இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கேரளம் உடனே சட்டத்தைத் திருத்தி அதனைத் தடுத்தது.

வழக்கு மீண்டும் எழுந்தபோது, 2010 பிப்ரவரியில் நீதிமன்றம் ஐவர் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த். மாநிலத்துக்கு ஓர் உறுப்பினர். தொழில்நுட்ப வல்லுநர் இருவர். முதலில் உறுப்பினரைப் பெயரிட மறுத்த தமிழ்நாடு, பின்னர் நீதிபதி ஏ.ஆர்.லட்சுமணனை அனுப்பியது, கேரளம் நீதிபதி கே.டி.தாமஸை அனுப்பியது. 2011 இறுதியில் வல்லுநர்களான சி.டி.தட்டே, டி.கே.மேத்தா ஆகியோரின் நடுநிலைமையைக் கேரளம் கேள்விக்குள்ளாக்கியது. எனினும் இருவரும் இறுதிவரை குழுவில் நீடித்தனர்.

2012இல் அணை பாதுகாப்பானது என்று குழு அறிக்கை அளித்தது. அம்முடிவை ஆதரித்துப் பேசிய தாமஸ், தம்மைப் பெயரிட்ட மாநிலத்திலேயே கண்டனத்துக்கு ஆளானார். 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு 142 அடியை உறுதிசெய்து, கேரளத்தின் சட்டத் திருத்தத்தைச் செல்லாது என்றது.

ஒருவரைப் பெயரிட்டவர் யார் என்பதைக் கொண்டு அவருடைய முடிவை முன்கூட்டியே கணிக்க இயலாது என்பதைத் தாமஸின் நிலைப்பாடு உணர்த்துகிறது. ஆட்சேபிக்கப்பட்ட வல்லுநர்கள் நீடித்ததோ வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. பெரிய அணைகளை அறிந்தோர் பெரும்பாலும் அரசு நீர்வளத் துறைகளில் பணியாற்றியவர்களே. அத்தொடர்பு ஒன்றையே காரணமாக்கி விலக்கினால் மதிப்பிட எவரும் மிஞ்சார். சிறிய ஆய்வுத் துறைகளின் நிலையும் இதுவே. ஆனால், காரணம் கூறாமல் ஆட்சேபத்தைத் தள்ளினால், அறிக்கை வருமுன்பே அதன்மீதான நம்பிக்கை குலைந்துவிடுகிறது.

2022இல் உச்ச நீதிமன்றம் அணையின் மேற்பார்வைக் குழுவில் இரு மாநிலங்களிலிருந்தும் தலா ஒரு தொழில்நுட்ப வல்லுநரைச் சேர்த்தது. எவரையும் நீக்காமல் ஐயத்துக்கு இடங்கொடுத்த வழி அது. இதழாசிரியருக்கும் அவ்வழி திறந்தே உள்ளது: ஆட்சேபிக்கப்பட்டவரின் அறிவு இன்றியமையாததாயின், மற்றொரு மதிப்பீட்டையும் பெற்று, ஆட்சேபத்தை மனத்தில் இருத்தி இரண்டையும் எடைபோடலாம். அதன்பின் வரும் முடிவுக்குப் பொறுப்பு மதிப்பீட்டாளருடையது அன்று, இதழாசிரியருடையது.