தாதியருக்கு மிகைநேர வேலை: உடல் எதுவரை தாங்கும்?

ஷிப்ட் முடியப் போகிறது. அடுத்து வரவேண்டியவர் எம்சி. நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா? "சரி, நான் இருந்து பார்த்துக்கிறேன்." தாதியர் பலருக்கு மிகைநேர வேலை இப்படித்தான் தொடங்குகிறது. என்றாவது ஒருநாள் என்றால் சமாளிக்கலாம். அதுவே வழக்கமாகிவிட்டால்?

நோயாளிக்கு என்ன ஆபத்து?

அமெரிக்காவில் 393 தாதியரின் பணிக் குறிப்புகளை ஆராய்ந்த ஆய்வு 2004இல் வெளியானது. பன்னிரண்டரை மணிநேரமோ அதற்கு மேலோ நீளும் ஷிப்டில் தவறு நேரும் சாத்தியம் சுமார் 3 மடங்கு. தவறுகளில் பாதிக்கும் மேல் மருந்து கொடுப்பதில் நேர்ந்தவை.

காரணம் அக்கறை இல்லாதது அல்ல, களைப்புதான். 17 மணிநேரம் தூங்காமல் இருந்தால், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்ததைப் போல் மூளை மந்தமாகும். 24 மணிநேரம் ஆனால் சுமார் 0.10 விழுக்காட்டுக்குச் சமம். சிங்கப்பூரில் வாகன ஓட்டுநருக்கு வரம்பு 0.08.

தாதியருக்கு?

• வாரம் 55 மணிநேரத்துக்கு மேல் உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்கின்றன உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் (2021).
• ஊசி குத்திக்கொள்வது, முதுகுவலி, வீடு திரும்பும்போது கண்ணயர்ந்து விபத்து.
• மனச்சோர்வு. கடைசியில் வேலையையே விட்டுவிடுவது.

2021இன் முதல் பாதியில் சிங்கப்பூரில் சுமார் 1,500 சுகாதார ஊழியர்கள் பதவி விலகினர். ஒருவர் விலகினால் அவருடைய ஷிப்டும் மிச்சம் இருப்பவர் தலையில்தான். களைப்பு அடுத்தவரையும் வெளியே தள்ளுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின்படி மிகைநேரம் மாதத்துக்கு 72 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது. சம்பளம் குறைந்தது ஒன்றரை மடங்கு. ஆனால் உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாதோரில், மாதம் 2,600 வெள்ளிக்கு மேல் அடிப்படைச் சம்பளம் பெறுவோருக்கு இந்த விதி பொருந்தாது. தாதியர் பலர் அந்தப் பிரிவில்தான் வருகின்றனர். அவர்களுக்கு மருத்துவமனையின் விதிமுறைதான் பாதுகாப்பு.

என்ன செய்யலாம்?

• மிகைநேரத்தைத் தவறாமல் பதிவுசெய்யுங்கள். பதிவில் இல்லாவிட்டால் ஆள் பற்றாக்குறை மேலிடத்துக்குத் தெரியாது.
• இரவு ஷிப்ட் முடிந்ததும் வண்டி ஓட்டாதீர்கள்.
• மருந்து கொடுக்குமுன் சந்தேகம் வந்தால் இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.
• "இன்னிக்கு முடியலை" என்று சொல்லத் தயங்காதீர்கள். அது சோம்பேறித்தனம் அல்ல, நோயாளியின் பாதுகாப்பு.