‘சறுக்கிவிட்டேன்’

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சூரிச் வந்திறங்கினார் லியோ பேக். ஜெர்மனி யூதர்களின் ரபி, அதாவது மதகுரு. தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். பழைய அறிமுகத்தில் உளவியலாளர் கார்ல் யுங் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்தார். பேக் மறுத்துவிட்டார். யுங்கே அவர் தங்கியிருந்த ஓட்டலைத் தேடி வந்தார். இரண்டு மணி நேரம் காரசாரமான பேச்சு. நாஜிகள் காலத்தில் யுங் நடந்துகொண்டது பற்றிக் காதில் விழுந்ததையெல்லாம் பேக் முகத்துக்கு நேரே கேட்டார். அன்றைய ஜெர்மனியின் நிலைமை அப்படி என்று சமாளித்துப் பார்த்த யுங், கடைசியில் ஒத்துக்கொண்டார்: சறுக்கிவிட்டேன்.

பேக் இதை ஜெருசலேமில் யூத அறிஞர் கெர்ஷோம் ஷோலெமிடம் சொல்ல, ஷோலெம் 1963-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். கடிதம் போனது அனியேலா யாஃபேவுக்கு. யுங்கின் செயலாளர், அவரும் யூதர்தான்.

எங்கே சறுக்கினார்?

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், உளச்சிகிச்சை மருத்துவர் சங்கத்தின் தலைவர் கிரெட்ஷ்மர் பதவியை உதறினார். துணைத் தலைவர் யுங் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கப் பத்திரிகையும் அவர் கைக்கு வந்தது. அதன் டிசம்பர் இதழில், ஹிட்லரின் ‘மைன் காம்ஃப்’ நூலைப் படிக்கச் சொல்லி ஓர் அறிக்கை. எழுதியவர் மத்தியாஸ் கோரிங், நாஜி அமைச்சர் ஹெர்மன் கோரிங்கின் உறவினர். ஜெர்மன் இணைப்பில் மட்டும் வரவேண்டியது, தனக்குத் தெரியாமல் நுழைந்துவிட்டது என்றார் யுங். சரி, நம்புவோம். ஆனால் 1934 கட்டுரை? ஆரியரின் நனவிலி மனத்துக்கு யூதருடையதைவிட ஆற்றல் அதிகம், யூதர் தமக்கென்று ஒரு பண்பாட்டு வடிவத்தைப் படைத்ததில்லை என்றெல்லாம் அதில் எழுதியது அவர் கைதானே! யூத மருத்துவர்கள் அரசு வேலையிலிருந்து துரத்தப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

ஆனால் அதே ஆண்டில்தான் யுங் சங்க விதிகளை மாற்றி, ஜெர்மன் பிரிவில் இடமிழந்த யூதர்கள் தனி உறுப்பினராகச் சேர வழி செய்தார். விதிகளைத் திருத்த உதவிய சூரிச் வக்கீல் ரோசன்பாம் ஒரு யூதர். யூதச் சீடர் எரிக் நாய்மன் கடிதத்தில் கடிந்துகொண்டாரே தவிர, குருவை விட்டு விலகவில்லை. யுங்கை வெறும் நாஜி என்று தள்ளிவிட முடியாமல் செய்பவை இவை.

எனக்கு உறுத்துவது சின்ன விஷயம். யுங்கைச் சுற்றியே இயங்கியது சூரிச் உளவியல் கழகம். 1944 டிசம்பரில் அது ரகசியமாக ஒரு வரம்பு வைத்தது: யூத உறுப்பினர் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, விருந்தினர் என்றால் 25. நாஜிகளின் தோல்வி நெருங்கிக்கொண்டிருந்த மாதத்தில், சுவிட்சர்லாந்தில் யாருக்குப் பயந்து? 1950-இல்தான் அதை நீக்கினார்கள்.

ஓட்டலில் பேக் எதிரே யுங் உட்கார்ந்திருந்த அன்றும், அதே ஊரில் அந்த வரம்பு நடப்பில் இருந்தது.