கயிற்றின் மறுமுனை

இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் வூக்கி ஹோல் என்றொரு குகை இருக்கிறது. ஆக்ஸ் ஆறு அதன் வயிற்றுக்குள்ளிருந்துதான் வெளியே வருகிறது. 1935-ல் கிரஹாம் பால்கோம், ஜாக் ஷெப்பர்டு இருவரும் சில கூட்டாளிகளோடு அந்த ஆற்றுக்குள் இறங்கினார்கள். சீபே கோர்மன் கம்பெனி இரவலாகக் கொடுத்த உடுப்பு. தலைக்கு உலோகக் கவசம், காலுக்கு ஈயம் வைத்த பூட்ஸ். கரையில் நின்றவர்கள் பம்பு அடிக்க, குழாய் வழியே காற்று போயிற்று. அவர்கள் நீந்தவில்லை, ஆற்றுப்படுகையில் நடந்தார்கள். ஏழாவது அறைவரை போய்த் திரும்பினார்கள்.

வழி தெரிய அவர்களுக்குத் தனியாக ஒரு கயிறு தேவைப்படவில்லை. காற்றுக் குழாயைத் தடவிக்கொண்டே திரும்பினால் வாசல் வந்துவிடும். ஆனால் குழாய் எட்டுகிற தூரம்வரைதான் குகை. ஒவ்வொரு வளைவிலும் அது பாறையில் உரசி ஆளைப் பின்னுக்கு இழுக்கும். இன்று குகைக்குள் முக்குளிப்பவர் இடுப்பில் மாட்டிக்கொண்டு போகிறாரே, நைலான் நூல் சுற்றிய ஒரு ரீல், அதன் கதை இந்தக் குழாயை உதறிவிட வேண்டும் என்ற ஆசையில் தொடங்குகிறது.

குழாயை உதறியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1943-ல் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் முதுகுச் சிலிண்டரிலிருந்து தேவையான அளவு காற்றை மட்டும் தரும் அக்வாலங் கருவியை உருவாக்கினார்கள். மூன்றே ஆண்டில், 1946 ஆகஸ்டில், கூஸ்தோவும் ஃப்ரெடெரிக் துமாவும் அதைக் கட்டிக்கொண்டு அவிஞ்ஞோனுக்குப் பக்கத்திலுள்ள ஃபோன்டேன் த வோக்ளூஸ் ஊற்றுக்குள் இறங்கினார்கள். அது சாதாரண ஊற்றல்ல. பின்னாளில், 1985-ல், மனிதரை அனுப்பாமல் ஓர் இயந்திரத்தை இறக்கித்தான் 308 மீட்டரில் அதன் அடியைத் தொட முடிந்தது.

இறங்கிய இருவருக்கும் இரும்புப் பாளம் கட்டிய ஒரு கயிறுதான் துணை. அதன் மறுமுனை மேலே மோரீஸ் ஃபார்க் கையில் இருந்தது. ஒரு முறை சுண்டினால் கயிற்றை இறுக்க வேண்டும், மூன்று முறை என்றால் தளர்த்த வேண்டும், ஆறு முறை சுண்டினால் உடனே மேலே இழுக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் தோணியில் இருப்பவரிடம் இப்படித்தான் பேசினார்கள். நேராக மேலேறும் கயிற்றில் அந்தப் பேச்சு எடுபடும்.

குகையில் அது எடுபடவில்லை. ஆழத்தில் இருவருக்கும் தலை கிறுகிறுத்தது. துமா கிட்டத்தட்ட நினைவிழந்துவிட்டார். கூஸ்தோ கயிற்றைச் சுண்டினார். பாறைகளில் பட்டு வளைந்து கிடந்த கயிறு சுண்டல்களைத் தின்றுவிட்டு, ஏதோ அசைகிறது என்ற அளவுக்கு மட்டும் மேலே சேதி சொன்னது. கீழே இருப்பவர்கள் இன்னும் உள்ளே போகிறார்கள் போலும் என்று எண்ணிய ஃபார்க், கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். உயிர்போகிற கூப்பாட்டுக்குப் பதிலாக மேலிருந்து கயிறு வந்து குவிந்தது. கடைசியில் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றி இழுத்ததால்தான் இருவரும் பிழைத்தார்கள். காற்றடித்த கம்ப்ரஸர் தன் புகையையே உறிஞ்சி, சிலிண்டருக்குள் கார்பன் மோனாக்சைடை அடைத்திருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. அதே ஃபார்க் மறு ஆண்டு 120 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிய ஒரு சோதனையில் இறந்துபோனார். அப்போது கயிற்றில் வந்துகொண்டிருந்த சைகை நின்றதை வைத்துத்தான் மேலே இருந்தவர்கள் விபரீதத்தை உணர்ந்தார்கள்.

இதைக் காற்று கெட்டுப்போன கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு இது கயிற்றின் கதை. வளைந்து நெளியும் பொந்துக்குள், மறுமுனையில் எவ்வளவு நல்லவர் நின்றாலும், அவரால் செய்யக்கூடியது சொற்பம். அப்படியானால் மறுமுனையில் ஆள் எதற்கு? அதை வாசலில் ஒரு பாறையில் கட்டிவிட்டு, சுருளை நாமே கையில் எடுத்துப் போனால்? உள்ளே போகப் போக நூல் அவிழும். கட்டிய இடத்தைவிட்டு அசையாது, யாரும் இழுக்கவும் மாட்டார்கள். திரும்பும்போது அதைத் தொட்டுக்கொண்டே வரலாம். சொல்லிக் கேட்டால் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நீருக்கடியில் அதுவரை கயிறு என்றால் ஒருவரை இன்னொருவர் காப்பாற்றும் சாதனம். இந்த ஏற்பாட்டில் ஒருவர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் பால்கோம் இந்தத் திசையில்தான் யோசித்துக்கொண்டிருந்தார். 1946-ல் அங்கே குகை முக்குளிப்புக் குழு முறையாக அமைந்தது. அவர் செய்த கருவிக்கு ‘அஃப்லோலான்’ என்று பெயர். நூல் இடுவதற்கும் நீருக்கடியில் வழி அறிவதற்குமான கருவி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர் அது. நூல் உருளையோடு விளக்கு, திசைகாட்டி என்று எல்லாவற்றையும் ஒரே கூட்டில் ஏற்றிய பாரமான சாமான். பிற்பாடு விளக்கு தலைக்கும் கைக்கும் போனது, திசைகாட்டி மணிக்கட்டுக்குப் போனது. கூட்டில் மிஞ்சியது ரீல் மட்டும்.

நூலுக்கும் தனி வரலாறு உண்டு. சணலும் பருத்தியும் தண்ணீரில் ஊறி உப்பும், இற்றுப்போகும். 1935-ல், வூக்கி ஹோலில் பால்கோம் குழுவினர் நடந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானை உருவாக்கினார்கள். அது பெண்களின் காலுறையாகி, போரில் பாராசூட்டாகி, அதன்பின் மீன்வலைக்கும் கொத்தனார் கயிற்றுக்கும் வந்து சேர்ந்தது. குகைக்குள் போவதும் ஏறக்குறைய அந்தச் சாமான்தான். 24-ஆம் எண் பின்னல் நூல், இரண்டு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. நைலான் தண்ணீரைவிடச் சற்றே கனமானது, அதனால் அடியில் படியும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், கூரையை நோக்கி எழும்பி வளையம் வளையமாக நின்று ஆளைச் சிக்கவைக்கும். விலை குறைவு என்று அதை வாங்கிச் சுற்றுகிறவரோடு நான் தண்ணீரில் இறங்க மாட்டேன்.

ரீலுக்குச் சட்டம் எழுதியது ஃபுளோரிடா. அங்கே தரைக்கடியில் சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்து உண்டாக்கிய சுரங்கங்கள் மைல் கணக்கில் ஓடுகின்றன. ஜின்னி, பீகாக், வக்குல்லா என்று ஊற்றுக்கண்கள் பளிங்குபோலத் தெளிந்து நின்று ஆளை உள்ளே கூப்பிடும். கடலில் பழகிய தைரியத்தில் 1960, 70-களில் உள்ளே போனவர்கள் பலர் திரும்பவில்லை. தெளிந்த தண்ணீர்தான் ஏமாற்றியது. தரையில் மாவுபோல வண்டல் படிந்திருக்கும்; கால் துடுப்பு ஒரு தடவை தவறாக அடித்தால் போதும், கண்ணுக்கு முன் வைத்த கையே தெரியாது. வந்த வழியின் வாசல் பத்தடி தூரத்தில் இருக்கலாம், ஆனால் எந்தப் பக்கம்?

ஜாக்சன்வில்லைச் சேர்ந்த ஷெக் எக்ஸ்லி இந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். ஆயிரம் குகை முக்குளிப்புகளைப் பதிவு செய்த முதல் மனிதர் அவர்தான். 1979-ல் வெளிவந்த அவருடைய கையேடு திரும்பத் திரும்ப வந்து நிற்கும் காரணங்கள் மூன்று: வெளித்தண்ணீர்வரை அறுபடாத நூல் இடாதது, காற்றில் மூன்றில் ஒரு பங்கு செலவானதும் திரும்பத் தொடங்காதது, மட்டுமீறிய ஆழம். நூல்தான் முதலில் வரும். எக்ஸ்லியும் 1994-ல் மெக்சிகோவின் சகாதோன் பள்ளத்தில் இறந்தார். அங்கே அவரை மடக்கியது ஆழம்.

நூல் இடுவதென்பது ரீலைப் பிடித்துக்கொண்டு நீந்துவதல்ல. முதல் முடிச்சு குகைக்கு வெளியே, அங்கிருந்து நேராக மேலே போய் மூச்சுவிடக்கூடிய இடத்தில் விழ வேண்டும். இரண்டாவது, வாசலுக்குச் சற்று உள்ளே. முதல் முடிச்சு அவிழ்ந்தாலும், வேடிக்கை பார்க்க வந்த எவராவது அவிழ்த்தாலும், இது நிற்கும். பிறகு வளைவுக்கு வளைவு பாறையில் சுற்றி இறுக்கிக்கொண்டே போக வேண்டும். நூலைத் தளரவிட்டாலோ, வளைவில் கட்டாமல் விட்டாலோ, அது உள்பக்கமாக நழுவி ஒரு சந்தில் போய்ப் பதுங்கிவிடும். நூல் நுழைகிற சந்தில் சிலிண்டர் கட்டிய ஆள் நுழைய முடியாது. வெளிச்சத்தில் இது ஒன்றுமே இல்லை. இருட்டில் நூலைத் தடவிக்கொண்டு வருகிறவருக்கு அந்தச் சந்துதான் சுவர். ஆகவே நூலை எங்கே கட்டினால் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப முடியும் என்று போகும்போதே யோசித்துக் கட்டுகிறவர்தான் கெட்டிக்காரர்.

கடைக்குப் போய் ரீல் எடுக்கும்போதும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்பேன்: விரல்களை மட்டும் நம்பி இதை இயக்க முடியுமா? எத்தனை மீட்டர் பிடிக்கும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது அவரவர் போகிற இடத்தைப் பொறுத்தது. ஃபுளோரிடாவிலும் மெக்சிகோவிலும் பிரபலமான குகைகளுக்குள் நிரந்தர நூல் முன்பே கிடக்கிறது. வாசலிலிருந்து அதுவரை இணைக்கத்தான் முதன்மை ரீல். சுமார் 120 மீட்டர் நூல் அதற்குத் தாராளம். ஒவ்வொருவரிடமும் 45 மீட்டர் அளவில் ஓர் ஆபத்துக்கால ஸ்பூல் இருக்க வேண்டும். நூல் கைநழுவிப் போனால் இதைப் பாறையில் கட்டிவிட்டு இருட்டில் துழாவித் தேடலாம். கிளைப்பாதை நூல்கள் பெரும்பாலும் பிரதான நூலோடு தொடாமல் விடப்பட்டிருக்கும். அந்த இடைவெளியை இணைக்க இன்னும் சின்ன ஸ்பூல் போதும். உடைந்த கப்பலுக்குள் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. துருப்பிடித்த தகடு நூலை அறுத்துவிடும் என்பதால் அவர்கள் தடித்த நூலாகச் சுற்றிக்கொள்வார்கள்.

ரீலுக்குக் கைப்பிடி, அச்சு, சுற்றும் குமிழ், பூட்டுத் திருகு எல்லாம் உண்டு. ஸ்பூலுக்கு எதுவும் கிடையாது. நடுவில் ஓட்டை, ஓரத்தில் துளைகள், இருமுனைக் கொக்கி ஒன்று, அவ்வளவுதான். காற்றாடி விட்டவர்களுக்குப் பிரச்சினை உடனே விளங்கும். நூல் ஓடும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுழன்றால் நூல் தளர்ந்து, விளிம்பைத் தாண்டி, அச்சில் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். அதனால் ரீலைப் பிடித்த கையின் ஒரு விரல் எப்போதும் உருளையின் ஓரத்தை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சிலருக்கு மூடிய ரீல் பிடிக்கிறது. நூல் வெளியே தெறிக்காது என்பார்கள். தெறிக்காதுதான். ஆனால் உள்ளே சிக்கிக்கொண்டால் விரலை விட வழியில்லை. நான் திறந்த ரீலின் கட்சி. பூட்டுத் திருகு எவ்வளவு தளர்த்தினாலும் கழன்று விழாததாக இருக்க வேண்டும். குமிழைக் கையுறையோடு திருகிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. குளிர்நீருக்கான தடித்த கையுறை போடுகிறவருக்குச் சின்ன ஸ்பூல் பெரிய தொல்லை. மற்றவர்களுக்கு, கெட்டுப்போக ஒன்றுமே இல்லாத பொருள் என்ற வகையில், ஸ்பூலை மிஞ்ச எதுவும் கிடையாது.

இன்னொன்று, விளிம்புவரை நூலை நிரப்பாதீர்கள். காய்ந்த நூலைக் கெட்டியாகச் சுற்றி அழகாகக் காட்டுவார்கள். நனைந்தபின் அது தளர்ந்து பருத்து ஓரத்தைத் தாண்டிவிடும். ஈரமாக்கி இழுத்துச் சுற்றி, ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுவைப்பதே நல்லது. பத்தடிக்கு ஒரு முடிச்சு போடும் வழக்கம் பழையது. புதுக் குகையில் நூல் இடுகிறவர்களுக்கு அந்த முடிச்சுகள்தான் அளவுகோல். முடிச்சை எண்ணி, திசைகாட்டியைப் பார்த்து, ஆழத்தைக் குறித்துக்கொண்டு வருவார்கள். யுகடான் தீபகற்பத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள குகைகளின் வரைபடங்கள் உருவானது இப்படி இட்ட நூல்களின் மேல்தான்.

திறந்த கடலில் ரீலின் வேலையே வேறு. மேலேறுவதற்கு முன் ஒரு மிதவைக் குழாயை ஊதி மேலே அனுப்புவார்கள், படகுக்கு அடையாளம் தெரிவதற்காக. காற்று நிறைந்த குழாய் விருட்டென்று எழும்பும்போது ரீல் சிக்கிக்கொண்டால் அது ஆளையும் சேர்த்து இழுக்கும். அவ்வளவு வேகமாக மேலேறுவது நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் ஆபத்து. எனவே அந்த நேரத்தில் ரீலை உடுப்பில் மாட்டி வைக்கவே கூடாது. சிக்கினால் கையைவிட்டு விட்டுவிட வேண்டும். குகையில் விடவே கூடாதது, கடலில் விடத் தெரிந்திருக்க வேண்டியது.

2018 ஜூலை 2 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் ஜான் வோலன்தனும் ரிக் ஸ்டான்டனும் காணாமல்போன பன்னிரண்டு சிறுவர்களையும் பயிற்சியாளரையும் கண்டுபிடித்தது நூல் இட்டுக்கொண்டே முன்னேறிய பயணத்தில்தான். ஜூலை 8 முதல் 10 வரை, மயக்க மருந்து கொடுத்த சிறுவர்களை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தவர்கள் கலங்கல் நீரில் ஒரு கையில் பையனையும் மறு கையில் கயிற்றையும் பிடித்து வந்தார்கள். கடைசி நாளில் கிறிஸ் ஜுவெல் கைமாற்றும்போது கயிற்றைத் தவறவிட்டார். துழாவியதில் அகப்பட்டது ஒரு மின்கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு போனால், வந்த வழியே பின்னால், முந்தைய அறையில் போய் எழுந்தார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருட்டில் கையில் அகப்படும் எந்தக் கயிறும் வழிகாட்டும், எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியாது.

அந்தக் குறைக்கு ஃபுளோரிடாக்காரர்கள் முன்பே ஒரு வழி கண்டிருந்தார்கள். முதலில் ஒட்டுநாடாவை நூலில் மடித்து அம்பாக வெட்டிக்கொண்டார்கள். பிறகு ஃபாரஸ்ட் வில்சன் செய்த பிளாஸ்டிக் அம்பு வந்தது. அம்பின் முனை எப்போதும் பக்கத்து வாசலைக் காட்டும், விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம்.

இப்போதைய தொல்லை வேறு விதமானது. பல பத்தாண்டுகளாகப் பலரும் இட்ட நூல்கள் பழைய குகைகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. சில அறுந்து மிதக்கின்றன, சில எங்கும் போகாத பொந்துக்குள் போய் முடிகின்றன. கண் தெரியாத நேரத்தில் அவற்றில் ஒன்றைப் பிடித்தால் போயிற்று. ஆகவே பழைய நூலை அகற்றுவதற்கென்றே குழுக்கள் உள்ளே போகின்றன. வண்டலில் ஊறி, பாறையில் உரசிப் பிசிறான அந்த நூல் பெரும்பாலும் ரீலில் சுற்ற வராது. கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, வலைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள்.