வெடிக்காத பீரங்கி போட்ட உரம்

சென்ற கோடை விடுமுறையில் பேரன் என் மேசையை மூன்று நாள் பிடித்துக்கொண்டான். பேனாக் குழாயின் மேல் செம்புக் கம்பி சுற்றி, டார்ச் பேட்டரிகளை இணைத்து, மின்காந்தத் துப்பாக்கி செய்தான். சுவிட்சை அழுத்தினால் ஆணி பாய வேண்டும். ஆணியோ உள்ளே இழுபட்டு, சுருளின் நடுவில் போய் நின்றுகொண்டது.

"வேஸ்ட் தாத்தா. எனக்கு சயின்ஸே வராது" என்று எல்லாவற்றையும் குப்பைக்கூடையில் போடப் போனான். எனக்குச் சுரீரென்றது. பக்கலோரேயா படிக்கும்போது ஒரு பரிசோதனை சொதப்பியதற்காகவே இயற்பியலை விட்டு, குமாஸ்தாவானவன் நான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'பொனோம் தாம்பேர்' நினைவிருக்கும். கம்பியில் படுத்திருக்கும் ஆம்பேரின் சிறு மனிதன். மின்சாரம் அவன் காலில் நுழைந்து தலையில் வெளியேறும். அவன் பார்க்கும் காந்த ஊசியின் வடமுனை அவனுடைய இடப்பக்கம் திரும்பும். அந்தப் பாடத்தின் மிச்சத்தை வைத்துப் பேரனுக்கு விளக்கினேன். சுருள் இரும்பைத் தன் நடுவுக்கே இழுக்கும். ஆணி அங்கே வரும் கணத்தில் மின்சாரம் நிற்காவிட்டால், தாண்டும் ஆணியையும் பின்னுக்கு இழுத்துவிடும். உடனே, பழைய கேமரா ஃபிளாஷிலுள்ள கெப்பாசிட்டரைக் கேட்டான். மறுத்துவிட்டேன். அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும், உயிருக்கே ஆபத்து. பதிலுக்கு ஒரு கதை சொன்னேன்.

நார்வேயில் கிறிஸ்தியான் பிர்க்லாண்ட் என்று ஒரு பேராசிரியர். வானில் தோன்றும் வடதுருவ ஒளியை ஆராய்ந்தவர். பாரிசில் புவான்காரேயிடமும் படித்தவர். 1901இல் சுருள்களை வரிசையாக அடுக்கி, வெடிமருந்தில்லாத மின்காந்தப் பீரங்கிக்குக் காப்புரிமை பெற்றார். பங்குதாரர்களைச் சேர்த்துக் கம்பெனியும் தொடங்கினார். 1903இல் இன்றைய ஓஸ்லோவில், பல்கலைக்கழக மண்டபத்தில், பிரமுகர்கள் முன் வெள்ளோட்டம். விசையை இழுத்ததும் ஷார்ட் சர்க்யூட்! கண்ணைப் பறிக்கும் தீப்பிழம்பு, காதடைக்கும் சத்தம். கூட்டம் அலறியடித்து ஓடியது. பீரங்கி வியாபாரம் அத்தோடு படுத்தது.

அதே ஆண்டு சாம் எய்டே என்ற பொறியாளரைச் சந்தித்தார். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து உரம் செய்ய, எய்டே பெரும் மின்பொறி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பீரங்கியைக் கெடுத்த அந்தப் பிழம்பு பிர்க்லாண்டுக்கு நினைவு வந்தது. அந்தச் சூட்டில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரும். அதிலிருந்து நைட்ரிக் அமிலம். சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்தால் பயிருக்கு உரம். அதுவரை உலகம் சிலி நாட்டு வெடியுப்பையே பெரிதும் நம்பியிருந்தது. 1905இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது. இம்முறை மின்சாரத்தை ஏராளமாக விழுங்கும். நார்வேயின் அருவிகள் கைகொடுத்தன. 1913இல் ஜெர்மனியில் ஹாபர்-போஷ் முறை ஆலைக்கு வந்தபின், இது மெல்ல ஓய்ந்தது.

பாகூர் விவசாயிகளின் யூரியா கோப்புகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவன் நான். காற்றிலிருந்து உரம் எடுத்த வரலாற்றில் ஒரு பழுதான பீரங்கிக்கும் இடமுண்டு என்பது ஓய்வுபெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்தது.

கதை முடிந்ததும் பேரன் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உள்ளே இழுக்குதில்ல தாத்தா, அப்போ தாழ்ப்பாள் பண்ணலாமே?" என்றான். இப்போது என் மேசை இழுப்பறைக்கு மின்சாரத் தாழ்ப்பாள். சில நாள் சிக்கிக்கொள்கிறது. இருக்கட்டும்.