தன்கூற்றுச் சான்றும் பல்கலைக்கழகப் பதிப்பும்

மலாயா அவசரகாலத்தின் (1948–1960) வரலாறு நெடுங்காலம் காலனித்துவ அரசின் ஆவணங்களையே பெரிதும் சார்ந்து எழுதப்பட்டது. காட்டினுள் இருந்தோரின் குரல் கைப்பற்றப்பட்ட தாள்களின் வழியும் சரணடைந்தோரின் வாக்குமூலங்களின் வழியுமே அதில் இடம்பெற்றது.

மலாயா கம்யூனிஸ்டு கட்சியின் தலைவர் சின் பெங்கின் தன்வரலாறு 2003இல் தனியார் பதிப்பாக வெளிவந்தது. 1999இல் கான்பராவில் வரலாற்றாய்வாளர்களின் வினாக்களுக்கு அவர் அளித்த விடைகளைச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2004இல் ஆய்வுக் கட்டுரைகளுடன் நூலாக்கியது. இரண்டிலும் பேசுபவர் ஒருவரே; சான்றின் தன்மையோ வேறு. தன்வரலாற்றில் எதைச் சொல்வது, எதை விடுப்பது என்பதை நினைவுகூர்பவரே முடிவு செய்கிறார். உரையாடல் நூலில் வினாக்கள் ஆய்வாளருடையவை. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டமைக்குக் கட்சித் தலைமை ஆணையிடவில்லை என்பது சின் பெங்கின் கூற்று. இத்தகைய கூற்றை அப்படியே ஏற்றலும் புறக்கணித்தலும் ஆய்வாகா. ஆவணத்தோடு ஒப்புநோக்கியே அதனை எடைபோடல் வேண்டும்.

எனினும் இம்முறை உயிருடன் எஞ்சியோர்க்கே பயன்படும். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக விளங்கிய எஸ்.ஏ. கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். அவரை வினவும் வாய்ப்பு எந்த ஆய்வாளருக்கும் வாய்க்கவில்லை.

அக்காலத்தில் வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட தோட்டத் தமிழருள் இன்று எஞ்சியிருப்போர் முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்தம் கூற்றைப் பதிவு செய்து, வினவி, ஒப்புநோக்கிப் பதிப்பித்தல் நம் துறைகளின் கடமையாகும். காலம் தாழ்த்தின், அவர்களும் பிறர் எழுதிய ஆவணங்களில் மட்டுமே எஞ்சுவர்.