சுழலைப் பிடிக்கப் போன பீப்பாய்

தார் டிரம் எவ்வளவு பெரிது? அதே அளவுதான் டோட்டோவும். 55 கேலன் பீப்பாய். உள்ளே பேட்டரி, பதிவுக் கருவி. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பத்தில் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவிகள். வளிமண்டல ஆய்வுகளை நடத்தும் அமெரிக்க அரசு நிறுவனமான நோவாவைச் சேர்ந்த அல் பெடார்டும் கார்ல் ராம்சியும் செய்தது. சுமந்து செல்லத்தக்க டொர்னாடோ ஆய்வகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் டோட்டோ. 'விசார்ட் ஆஃப் ஆஸ்' கதையில் வீட்டோடு சுழலில் பறந்துபோகும் டொரோத்தியின் நாய்க்கும் அதே பெயர். பெயரை வைத்துக்கொண்டு விரிவைத் தேடியிருப்பார்களோ என்று எனக்கொரு சந்தேகம்.

டொர்னாடோ என்கிற இந்தச் சுழல்காற்று சில நிமிடங்களில் வந்து போய்விடும். நிலையான வானிலை நிலையத்தின் மேல் அது ஏறுவது அபூர்வம். ஏறினால் கருவி மிஞ்சாது. தொலைவிலுள்ள ரேடாரின் கதிரோ நேராகப் போகிறது. பூமி வளைந்திருப்பதால் தரையை ஒட்டி நடப்பது அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே, சுழல் வரும் வழியிலேயே பீப்பாயை வைத்துவிட்டால் என்ன?

1981 முதல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் புளூஸ்டைன் அதைப் பிக்-அப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வசந்தகாலங்களில் அலைந்தார். மெக்ஸிகோ வளைகுடாவின் ஈரக்காற்று எதுவரை ஏறி வந்திருக்கிறது, உயரே போகப்போகக் காற்று எப்படித் திசை மாறுகிறது என்று வரைபடங்களைப் பார்த்து ஒரு வட்டாரத்தைக் குறிவைக்க வேண்டும். அங்கே மேகம் திரண்டு சுழல் இறங்கினால், அதை முந்திப் போய், சரிவுப் பலகை வழியே பீப்பாயை உருட்டி இறக்கி, சுவிட்சைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இறக்குவது ஒரு நிமிடத்துக்குள் ஆகிற காரியம். சுழல்தான் ஒத்துழைக்கவில்லை. வழி மாறியது, அடங்கியது, சாலையில்லாத வயலுக்குள் புகுந்தது.

1984 ஏப்ரல் 29 அன்று, ஓக்லஹோமாவின் ஆர்ட்மோர் அருகே, டோட்டோ வேறொரு குழுவின் கையில் இருந்தபோது ஒருவழியாகச் சுழல் அகப்பட்டது. பலவீனமான ஒரு சுழலின் ஓரம் மட்டும் உரசியது. அதற்கே டோட்டோ குப்புறக் கவிழ்ந்தது. உயரம் அதிகம், கனம் மேலே. 1987இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். புளூஸ்டைன் எடுத்துச் செல்லத்தக்க டாப்ளர் ரேடாருக்கு மாறி, 1991இல் மணிக்கு 400 கி.மீ.யைத் தாண்டிய காற்றைத் தள்ளி நின்றே அளந்தார். 1996இல் 'ட்விஸ்டர்' படத்தில் 'டொரோத்தி' என்ற பெயரில் பீப்பாய் வென்றது, சினிமாவில்தான்.

கவிழ்ந்ததிலிருந்து எதிர்த்திசையில் யோசித்தவர் பொறியாளர் டிம் சமராஸ். அவருடைய கருவி சுமார் 15 செ.மீ. உயரம், 20 கிலோ எடை, கவிழ்த்த தட்டைப்போன்ற கூம்பு. அடிக்கிற காற்றே அதைத் தரையோடு அழுத்தும். 'ஆமை' என்பது செல்லப்பெயர். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் அருகே சாலையோரத்தில் அதை வைத்துவிட்டு விலகினார். சுழல் கடந்தபோது காற்றழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததாக அது பதிந்திருந்தது. கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் மலைக்குத் திடீரென ஏறிவிட்டதுபோல. ஆமை தாக்குப்பிடித்தது, மான்செஸ்டரின் வீடுகள் தரைமட்டமாகியிருந்தன.