எழுத்தாட்டமும் கவிதையும்

நந்தனத்தில் நம் வட்டத்தின் கவியரங்கு முடிந்து தேநீர் அருந்திய வேளையில், 'கவிதை' என்னும் சொல்லை ஒருமுறை பிரித்துக் காட்டினேன். முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் கூடினால் 'கதை'. இடையும் ஈறும் கூடினால் 'விதை'. மூத்த கவிஞர் ஒருவர் முகம் சுளித்தார். "அம்மா, இது வார இதழ்ப் புதிர், இதைக் கவிதைக்கு அருகில் கொண்டுவராதீர்கள்" என்றார். அன்று நான் மறுமொழி கூறவில்லை. பத்தாண்டு நிறைவு மலரில் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

மூன்றெழுத்துச் சொல்லை இவ்வாறு பகுத்துப் பொருள் காண்பதைத் திரிபாகி என்பர் சித்திரகவி நூலார். 'தாமரை' தாரையாகவும் மரையாகவும் பிரிவதும் இவ்வகையே. சோழர் காலத்துத் தண்டியலங்காரம் சொல்லணியியலில் மிறைக்கவிகளுக்கு இலக்கணம் வகுக்கிறது. ஓரெழுத்தைக் கூட்டக் கூட வேறு சொல் பிறப்பது எழுத்து வருத்தனை. குறைக்கக் குறைக்கப் பிறப்பது அக்கரச்சுதகம். முன்பின்னாகப் படித்தாலும் மாறாதிருப்பது மாலைமாற்று. பதினாறாம் நூற்றாண்டில் திருக்குருகைப் பெருமாள் கவிராயரின் மாறனலங்காரம் இவ்வகைகளை மேலும் பெருக்கிற்று.

ஆயினும் எழுத்துகளை விரும்பியவாறு கலைத்து அடுக்கும் ஆட்டம் தமிழில் ஏன் அருகியே காணப்படுகிறது? விடை மொழியமைப்பிலேயே உள்ளது. ஆங்கிலத்தில் உயிரும் மெய்யும் தனித்தனியே நின்று இடம்மாறும். நமக்கோ உயிர்மெய் பிரியாத ஓர் அலகு. புள்ளியெழுத்து சொல்லுக்கு முதலாகாது. ட, ற, ன, ள, ழ போன்ற வருக்கங்களும் தமிழ்ச்சொல்லின் முதலில் நில்லா எனத் தொல்காப்பிய மொழிமரபு தடுக்கிறது. கலைத்த எழுத்துகளில் பெரும்பாலானவை வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் காழியைப் பாடிய திருமாலைமாற்றின் பதினொரு பாடல்களையும் புரட்டிப் பாருங்கள், புள்ளியெழுத்தே இராது. பின்னிருந்து படிக்கையில் ஒற்று எங்கே போய் ஒட்டும் என்னும் இடரை அவர் ஒற்றையே விலக்கிக் கடந்தார். பொருள் காண உரையின் துணை வேண்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சித்திரகவிகளில் பல, உழைப்பை மட்டுமே காட்டி நிற்பவை; அவ்வளவில் மூத்த கவிஞர் கூற்றை ஒப்புகிறேன்.

ஆனால் புதுமை நாடியவர் எவரும் இதைத் தீண்டவில்லை என்பது வரலாறன்று. தனிப்பாசுரத்தொகை தந்த பரிதிமாற் கலைஞரே சித்திரகவி விளக்கமும் எழுதினார். பார்வையற்றவரான மாம்பழக் கவிச்சிங்க நாவலர், கண்ணால் கண்டு கட்டவேண்டிய சித்திரகவிகளை மனத்திலேயே கட்டினார். நமக்கு அண்மையில் திருவான்மியூரில் 1929இல் சமாதியடைந்த பாம்பன் சுவாமிகள் மயூர பந்தமும் சதுரங்க பந்தமும் பாடியவர்.

பின்னர் எழுத்தாட்டம் அவையை விட்டு அச்சுக்குப் போயிற்று. வாசனின் ஆனந்த விகடன் முதலிய இதழ்கள் குறுக்கெழுத்துப் போட்டிகளுக்குப் பரிசு தந்தன. ஒரே கட்டத்தில் இரண்டு சொற்கள் பொருந்துமாறு அமைத்து, நடத்துபவர் மனத்திலிருந்த ஒன்றையே சரியெனக் கொள்ளும் போட்டிகளும் நாட்டில் பெருகின. 1955இல் நடுவணரசு பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றியது. எழுத்துகளையும் சொற்களையும் கட்டுதல், அடுக்குதல், சேர்த்தல், வரிசை மாற்றுதல் ஆகியவற்றால் அமையும் புதிர்கள் அச்சட்டத்தின் வரையறைக்குள் வந்தன. மாதப் பரிசுத்தொகை ஆயிரம் ரூபாயை விஞ்சக்கூடாது என்றானது. தண்டியார் அணியென வகுத்தது சூதாட்ட ஐயத்துக்குள்ளாயிற்று! 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்சநீதிமன்றம், தற்செயலை நம்பிய போட்டிகளையே சட்டம் கட்டும். பெரிதும் திறனைச் சார்ந்தவற்றை அன்று என்று தீர்ப்பளித்தது.

மூத்த கவிஞருக்குச் சொல்ல ஒன்று எஞ்சியுள்ளது. 'கவிதை'யின் மூன்றெழுத்துகளை ஆறு வகையாக அடுக்கலாம். நான்கு பொருளற்றவை, ஒன்று நாமறிந்தது. மற்றொன்று வியங்கோள் வினைமுற்று: விதைக.